19,570,831: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு 6 முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், தோட்டத்து வேலை முடிந்து வந்து அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கும் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறோம். மலாயா சுதந்திரம் பெற்ற நாள் 1957 ஆகஸ்ட் 31. அதை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேர்த்து எழுதினால் 19570831 என்ற எட்டு இலக்க எண் வரும். இது பார்த்தவுடன் பிரிந்துவிடாது. ஆனால் பென்சிலும் தாளும் இருந்தால் முழுவதையும் கையாலேயே பிரித்துவிடலாம். பெரிய எண்ணைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எண் கிடைப்பது கடினம்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

நம் பள்ளிகளில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கிறோம்: 19,570,831. பத்தொன்பது மில்லியன் ஐந்நூற்று எழுபதாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று. தமிழ்நாட்டுக் காணொளிகளில் இதே எண் 1,95,70,831 என்று எழுதப்பட்டிருக்கும். அங்கே ஒரு கோடியே தொண்ணூற்றைந்து இலட்சத்து எழுபதாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று என்பார்கள். இரண்டும் சரிதான், எண்ணும் ஒன்றேதான். காற்புள்ளியை ஒரு முறைப்படி போட்டுவிட்டு இன்னொரு முறைப்படி வாசிப்பதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வுத்தாளில் மில்லியன் முறையையே பின்பற்றச் சொல்லுங்கள்.

ஆயிரம் இடத்தில் 0 இருப்பதைக் கவனியுங்கள். வாசிக்கும்போது அந்தச் சுழியத்துக்குச் சத்தம் இல்லை. அதனால் சொல்வதை எழுதச் சொன்னால் 1957831 என்று ஓர் இலக்கத்தை விழுங்கிவிடுவார்கள். எழுதி முடித்ததும் மூன்று இலக்கக் கட்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

முதலில் எந்த எண்களால் வகுபடுமா என்று பார்க்க வேண்டும்?

2, 3, 5 மூன்றையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கடைசி இலக்கம் 1. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 1+9+5+7+0+8+3+1 = 34. இது 3-ஆல் வகுபடாது, எனவே எண்ணும் 3-ஆல் வகுபடாது, 9-ஆலும் வகுபடாது.

அடுத்து 7, 11, 13. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் பார்த்துவிட வழி இருக்கிறது. எண்ணை வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, முதல் கட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டுங்கள்:

831 − 570 + 19 = 280

280 = 7 × 40. ஆகவே நம் எண் 7-ஆல் வகுபடும். 280-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 7. அவை இரண்டாலும் வகுபடாது.

அந்த வழி ஏன் வேலை செய்கிறது?

7 × 11 × 13 = 1001 என்பதால்தான். 1001 இந்த மூன்றாலும் வகுபடும். அப்படியானால் 1000-ஐ இவற்றுள் எதனால் வகுத்தாலும், 1 குறைவதால் வகுபடாமல் நிற்கிறது என்று பொருள். வகுபடுவதை மட்டும் பார்க்கும்போது 1000-க்குப் பதிலாக −1 என்று வைத்துக்கொள்ளலாம். மில்லியன் என்பது 1000 × 1000. (−1) × (−1) = 1 என்பதால் அதற்குப் பதில் 1 வைத்துக்கொள்ளலாம். நம் எண் 19 மில்லியன், 570 ஆயிரம், 831. ஆகவே 19 − 570 + 831.

மனப்பாடம் செய்த பிள்ளை கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றிப் போட்டுவிடும். காரணம் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சிக்கல் வராது. 37-க்கும் இதே யுக்தி உண்டு. 999 = 27 × 37 என்பதால் அங்கே எல்லாக் கட்டுகளையும் கூட்டினால் போதும்: 831 + 570 + 19 = 1420. 37 × 38 = 1406, மீதி 14. நம் எண் 37-ஆல் வகுபடாது.

7-ஆல் வகுக்கும்போது விடை தப்பாக வருகிறது. எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் அந்தச் சுழியத்தில்தான். நீள் வகுத்தலைப் படிப்படியாகப் பார்ப்போம்:

19-இல் 7 இரண்டு முறை, மீதி 5.
5-ஐ இறக்கினால் 55. ஏழு முறை, மீதி 6.
7-ஐ இறக்கினால் 67. ஒன்பது முறை, மீதி 4.
0-ஐ இறக்கினால் 40. ஐந்து முறை, மீதி 5.
8-ஐ இறக்கினால் 58. எட்டு முறை, மீதி 2.
3-ஐ இறக்கினால் 23. மூன்று முறை, மீதி 2.
1-ஐ இறக்கினால் 21. மூன்று முறை, மீதி 0.

ஈவு 2,795,833. நான்காவது படியில் சுழியத்தை இறக்காமல் நேராக 8-ஐ இறக்கினால் 48 என்றாகி, கடைசியில் 279,690 என்ற ஈவும் மீதி 1-ம் வரும். உங்கள் பிள்ளைக்கு இந்த விடை வந்திருந்தால் வாய்பாட்டில் பிழை இல்லை, சுழியம் விடுபட்டிருக்கிறது. கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுத வைத்தால் இது நின்றுவிடும்.

2,795,833-ஐ மேலும் பிரிக்க முடியுமா?

முடியும். ஆனால் இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பகா எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 2, 3, 5, 11, 13 முதல் எண்ணையே வகுக்கவில்லை, அதனால் இதையும் வகுக்காது. 7-ஐ மட்டும் மறுபடி பார்க்க வேண்டும், ஒரே காரணி இரண்டு முறை வரலாம். 833 − 795 + 2 = 40, இதை 7-ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 7 இன்னொரு முறை வராது. ஒரு காரணி கிடைத்ததும் அதை மறந்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது நாங்கள் அடிக்கடி திருத்தும் பிழைகளில் ஒன்று.

பிறகு வரும் பகா எண்களுக்கு மீதி இப்படி வரும்: 17-க்கு 13, 19-க்கு 2, 23-க்கு 22, 29-க்கு 1, 31-க்கு 5, 37-க்கு 2, 41-க்கு 2, 43-க்கு 16, 47-க்கு 38, 53-க்கு 30. அடுத்தது 59. இதற்கு மீதி 0.

59-க்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. கடைசி இலக்கத்தை 6-ஆல் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணோடு கூட்டுங்கள். 60-ஐ 59-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே இதற்கு அடிப்படை.

279583 + 18 = 279601
27960 + 6 = 27966
2796 + 36 = 2832
283 + 12 = 295

295 = 59 × 5. ஆகவே 2,795,833 = 59 × 47,387.

47,387 பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்வது?

எந்த எண்ணாக இருந்தாலும் அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால் அவற்றின் பெருக்கம் எண்ணையே தாண்டிவிடும். 217 × 217 = 47,089. 218 × 218 = 47,524. ஆகவே 217 வரை பார்க்க வேண்டும். அந்த எல்லைக்குள் கடைசிப் பகா எண் 211.

53 வரை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, அவற்றைத் திரும்பத் தொட வேண்டாம். 59-லிருந்து 211 வரை 31 பகா எண்கள் இருக்கின்றன. 59 மறுபடி வருமா என்று பார்த்தால் மீதி 10. வராது. மற்றவற்றுள் மிகச் சிறிய மீதி தருபவை 103-ம் 149-ம். 103 × 460 = 47,380, மீதி 7. 149 × 318 = 47,382, மீதி 5. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 47,387 பகா எண் என்பது இதனால் முடிவாகிறது.

இதை ஒருவரே செய்தால் அலுப்பு வரும். மூன்று பிள்ளைகளுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கட்டும். எஞ்சும் ஒன்றை நீங்கள் போடுங்கள்.

அப்படியானால் முழு விடை என்ன?

19,570,831 = 7 × 59 × 47,387

படிவம் 1-இல் கேட்கும் பகாக் காரணிப் பிரிப்பு இதுதான். பள்ளியில் இதே பாடத்தை ‘ஃபாக்டர் பெர்டானா’ என்ற மலாய்ப் பெயரில் பிள்ளை படித்து வரும்.

எண் பெரிதாக இருந்தால் வேலையும் அதே அளவுக்குப் பெருகுமா?

காரணி கிடைக்கக் கிடைக்க எல்லை சுருங்கிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு நிதானமாக விளக்குங்கள், பயம் போவது இங்கேதான். 19,570,831-இன் வர்க்கமூலம் 4,423-க்குச் சற்று மேல். அதுவரை 602 பகா எண்கள் உள்ளன. 7-ஆல் வகுத்தவுடன் எல்லை 1,672 ஆகிறது, அதற்குள் இருப்பவை 263 மட்டுமே. 59-ஆல் வகுத்ததும் எல்லை 217. அதற்குள் வெறும் 47. அவற்றிலும் 16-ஐ ஏற்கெனவே முடித்துவிட்டோம்.

சில பிள்ளைகள் 7-ஐக் கண்டுபிடித்த பிறகும் முதல் எண்ணையே வைத்துக்கொண்டு 4,423 வரை போக நினைப்பார்கள். ஒவ்வொரு காரணி கிடைத்ததும் வகுத்து, புதிய எண்ணுக்குப் புதிய வர்க்கமூலம் கண்டு, தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னக் காரணி ஒன்றுமே இல்லாத எண்ணுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே கடைசி வரை போகத்தான் வேண்டும்.

மொத்தம் எத்தனை காரணிகள்?

எட்டு. ஒவ்வொரு பகாக் காரணியையும் எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். 2 × 2 × 2 = 8. அவை: 1, 7, 59, 413, 47,387, 331,709, 2,795,833, 19,570,831.

எல்லாவற்றையும் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டத் தேவையில்லை. (1+7) × (1+59) × (1+47,387) = 8 × 60 × 47,388 = 22,746,240. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 3,175,409. தன்னைத் தவிர மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன் அளவுக்கு வரும் எண் நிறை எண். 6-ம் 28-ம் அப்படிப்பட்டவை. நம் எண் அதற்கு வெகு தூரம் குறைகிறது.

எட்டு என்பது அதிகமா, குறைவா?

இந்த அளவு எண்ணுக்குக் குறைவு. 17,297,280 என்ற எண் நம் எண்ணைவிடச் சிறியது. அதன் பிரிப்பு 2⁷ × 3³ × 5 × 7 × 11 × 13. காரணிகளின் எண்ணிக்கைக்கு, அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 8 × 4 × 2 × 2 × 2 × 2 = 512. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண் இது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் லண்டனில் நீண்ட ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எண்ணின் பருமன் வேறு, அது எத்தனை விதமாகப் பிரியும் என்பது வேறு. சின்னச் சின்னப் பகா எண்கள் நிறையச் சேர்ந்தால் காரணிகள் பெருகும். 47,387 மாதிரி ஒரு பெரிய பகா எண் உள்ளே உட்கார்ந்துகொண்டால் காரணிகள் அருகிவிடும்.

இந்த எண்ணை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களால் முடியாது, மூன்றாலும் முடியாது. நான்கு வேண்டும். இதைக் கணிப்பான் இல்லாமலே நிறுவலாம், அதனால்தான் இந்தக் கேள்வி எங்களுக்குப் பிடிக்கும்.

எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 1, 4, 9, 16, 25, 36, 49, 64 என்று போட்டுப் பாருங்கள். இனி நம் எண்ணை 8-ஆல் வகுக்க வேண்டும். 1000 எட்டால் வகுபடும் என்பதால் கடைசி மூன்று இலக்கம் போதும்: 831 = 8 × 103 + 7. மீதி 7. 0, 1, 4 ஆகியவற்றிலிருந்து மூன்றை, ஒன்றையே திரும்ப எடுத்தாலும் சரி, எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது. நான்கை எடுத்தால் 4 + 1 + 1 + 1 = 7 என்று வருகிறது.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களால் எழுதலாம் என்று லாக்ராஞ்சு என்ற கணித அறிஞர் 1770-இல் நிறுவினார். நம் எண்ணுக்கு ஒரு வழி:

4423² + 87² + 18² + 3² = 19,562,929 + 7,569 + 324 + 9 = 19,570,831

கழித்தலாக எழுதுவது இன்னும் எளிது. காரணிகளை இணை சேருங்கள்: 413 × 47,387. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 23,900. கழித்துப் பாதியாக்கினால் 23,487. ஆகவே 23,900² − 23,487² = 19,570,831. எட்டுக் காரணிகள் நான்கு இணைகளாகும். எனவே இப்படி நான்கு வழிகள் உண்டு. மற்ற மூன்றைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

1957 ஆகஸ்ட் 31-க்கும் 1963 செப்டம்பர் 16-க்கும் பொதுக்காரணி உண்டா?

மலேசியா உருவான நாளை இதே முறையில் எழுதினால் 19,630,916. படிவம் 1 பிள்ளைகளுக்கு எஃப்.எஸ்.டி.பி. என்று அறிமுகமாகும் மீப்பெரு பொதுக்காரணியைக் காண, இங்கே இரண்டையும் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டியதில்லை. பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் மறுபடி வகுத்துக்கொண்டே போகலாம். இது பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காலத்து முறை.

19,630,916 − 19,570,831 = 60,085
19,570,831 ÷ 60,085: ஈவு 325, மீதி 43,206
60,085 ÷ 43,206: ஈவு 1, மீதி 16,879
43,206 ÷ 16,879: ஈவு 2, மீதி 9,448
16,879 ÷ 9,448: ஈவு 1, மீதி 7,431
9,448 ÷ 7,431: ஈவு 1, மீதி 2,017
7,431 ÷ 2,017: ஈவு 3, மீதி 1,380
2,017 ÷ 1,380: ஈவு 1, மீதி 637
1,380 ÷ 637: ஈவு 2, மீதி 106
637 ÷ 106: ஈவு 6, மீதி 1

மீதி 1 வந்துவிட்டது. 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லை. பத்தே வரிகளில் இரண்டு எட்டு இலக்க எண்களை முடித்துவிட்டோம். நம் எண்ணின் காரணிகள் முன்பே தெரிந்திருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அது வித்தியாசமான 60,085-ஐயும் வகுக்க வேண்டும். 7, 59, 47,387 மூன்றுமே அதை வகுக்கவில்லை.

அவற்றின் மீச்சிறு பொதுமடங்கைக் கணிப்பானில் போட்டால் முழு எண்ணாக வரவில்லையே?

பொதுக்காரணி இல்லாததால் இரண்டையும் பெருக்குவதுதான் விடை. பத்து இலக்கத் திரையுள்ள கணிப்பான் 3.841933394 × 10¹⁴ என்று காட்டும். பதினைந்து இலக்க எண்ணைத் திரை தாங்காது, அதனால் சுருக்கிவிடும். சரியான விடை 384,193,339,411,196. கணிப்பான் காட்டியதற்குப் பின்னால் சுழியங்களைச் சேர்த்து எழுதுவது தவறு, கடைசி ஐந்து இலக்கங்கள் அங்கே தொலைந்துவிட்டன.

முழு விடை வேண்டுமானால் துண்டு துண்டாகப் பெருக்க வேண்டும். 19,570,831 × 19,570,831 = 383,017,426,030,561. அதோடு 19,570,831 × 60,085 = 1,175,913,380,635 சேருங்கள். இந்தத் துண்டுகளையும் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துத் தாளில்தான் போட வேண்டும்.

பெருக்கியது சரியா என்று பார்க்க 9-ஆல் வரும் மீதி உதவும். முதல் எண்ணின் இலக்கக் கூட்டல் 34, மீதி 7. இரண்டாவதற்கு 35, மீதி 8. 7 × 8 = 56, மீதி 2. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 65, அதுவும் மீதி 2. இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, சோதனையும் ஏமாந்துவிடும். ஆகவே 1001 முறையையும் சேர்த்துப் போடுங்கள்: 196 − 411 + 339 − 193 + 384 = 315. இது 7-ஆல் வகுபடுகிறது. முதல் எண்ணில் 7 இருப்பதால் விடையிலும் 7 இருந்தாக வேண்டும்.

இடம் மாறிய இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டா?

உண்டு. வீட்டுக் கணக்குக்கும் இது உதவும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு மாறிவிட்டால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் எடைச் சீட்டில் 18,640 கிலோ என்றிருப்பதைக் கணக்குப் புத்தகத்தில் 18,460 என்று ஏற்றிவிட்டால் மொத்தத்தில் 180 கிலோ இடிக்கும். 180 = 9 × 20. மொத்தம் ஒத்துவராமல், வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். 9-ஆல் வகுபடாவிட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இந்த எண்ணின் கூட்டு எண் 7, காரணியும் 7. இதற்குப் பலன் ஏதும் உண்டா?

இல்லை. 3 + 4 = 7 என்று வருவது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். அதே நாளை 31081957 என்று எழுதிப் பாருங்கள். இலக்கங்கள் அவையேதான், கூட்டு எண்ணும் 7. ஆனால் 957 − 81 + 31 = 907. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 4. ஒரே நாள், எழுதும் வரிசை மாறியதும் காரணி போய்விட்டது. 19570831-ஐத் திருப்பி 13807591 என்று எழுதினால் அதுவும் 7-ஆல் வகுபடுகிறது: 13807591 = 7 × 1,972,513. இது தற்செயல். ஏழு எண்களுக்கு ஒன்று 7-ஆல் வகுபடத்தான் செய்யும். நான்கு இலக்க லாட்டரி எண் வாங்குவதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு துப்பும் இல்லை.

படிவம் 4-இல் வரும் எண் அடிமானத்துக்கு இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. எட்டின் அடிமானத்தில் 112520217. 8-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். மேலிருந்து கீழாக எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. முதல் மீதி 7. வர்க்கங்களைப் பற்றிப் பேசும்போது பார்த்த அதே 7. விடையின் கடைசி இலக்கம் அதுவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டின் அடிமானத்துக்கு ஒவ்வோர் இலக்கத்தையும் மூன்று இலக்கமாக விரியுங்கள்: 1 001 010 101 010 000 010 001 111. மொத்தம் 25 இலக்கங்கள், அவற்றுள் பதினொன்று 1. நடுவில் வரும் 1-ஐ 001 என்றும் 2-ஐ 010 என்றும் முழுதாக எழுதாவிட்டால் எண்ணே மாறிவிடும்.

19,570,831 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் கடைசி இலக்கம் என்ன?

3. ஏழின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு நான்காகச் சுழலும். 100 நான்கால் வகுபடும் என்பதால் கடைசி இரண்டு இலக்கம் போதும்: 31-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே சுழற்சியில் மூன்றாவது. முழு விடையில் 16 மில்லியனுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். கடைசி இலக்கத்துக்கு அவை ஒன்றும் தேவையில்லை.

இதெல்லாம் நடைமுறையில் எங்கே பயன்படுகிறது?

இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. முறை, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி நிற்கிறது. அங்கே வழக்கமாகப் பயன்படும் 2048 பிட் எண்ணுக்கு, அதாவது இரண்டின் அடிமானத்தில் 2048 இலக்கம் கொண்ட எண்ணுக்கு, 617 தசம இலக்கங்கள். நாம் 59 வரை போனதும் நம் எண் உடைந்துவிட்டது. அந்த எண்களில் சின்னக் காரணியே இருக்காது, இரண்டு காரணிகளும் முந்நூறு இலக்கங்களை ஒட்டியவை. வரிசையாகப் போட்டுப் பார்த்து அங்கே போய்ச் சேர முடியாது. 250 இலக்கம் கொண்ட அத்தகைய ஓர் எண்ணை 2020-இல் பிரித்தார்கள். அதற்கே ஏராளமான கணினிகளும் வேறு வகையான முறையும் தேவைப்பட்டன.

ஆண்டு 5, 6 பிள்ளைகளுக்கு எட்டு இலக்கம் அதிகமாக இருக்கிறது. சிறியதாக ஒன்று உண்டா?

அதே நாளைச் சுருக்கி 31.8.57 என்று எழுதினால் 31,857. இலக்கக் கூட்டல் 24, ஆகவே 3-ஆல் வகுபடும்: 10,619. கட்டுகளைக் கழித்தால் 857 − 31 = 826 = 7 × 118, ஆகவே 7-ஆலும் வகுபடும்: 10,619 ÷ 7 = 1,517. கட்டுகளைக் கூட்டினால் 857 + 31 = 888 = 37 × 24, ஆகவே 37-ஆலும் வகுபடும்: 1,517 ÷ 37 = 41. முழுப் பிரிப்பு 3 × 7 × 37 × 41, காரணிகள் பதினாறு. இந்தப் பக்கத்தில் சொன்ன மூன்று சோதனைகளும் இதில் ஒவ்வொரு முறை பயன்படுகின்றன. அரை மணி நேரம் கொடுத்தால் பிள்ளை தானாகவே முடித்துவிடும். 1,517-இல் நின்றுபோனால், அதன் வர்க்கமூலம் 39-ஐத் தாண்டாது, அதனால் 37 வரை பார்த்தால் போதும் என்று மட்டும் எடுத்துக்கொடுங்கள்.